நாக்கில் வைத்த ஓடு

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். இந்தப் பக்கம் நான். நடுவில், தேங்காய்ச் சில்லு அளவுக்கு உடைந்த ஒரு டைல்ஸ் துண்டு.

"இதைக் கையில எடுத்துப் பாருங்கம்மா. பார்த்துட்டு என்ன தோணுதோ சொல்லுங்க" என்றார் நடுவில் உட்கார்ந்திருந்த பெரியவர்.

எடுத்தேன். திருப்பினேன். உடைந்த ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அடுத்து நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது. நாக்கை நீட்டி, அந்த ஓரத்தை நாக்கில் வைத்துவிட்டேன்.

வேண்டுமென்றா செய்வேன்? கை தன்பாட்டுக்கு வாய்க்குப் போய்விட்டது. கொட்டாவி வந்தால் கை வாயை மூடப் போகிறதே, அப்படி.

வலது ஓரத்திலிருந்த இளவயது அதிகாரி அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டார். இடது பக்கத்து அம்மா ஃபைலைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் செய்தது அதைவிட மோசம். ரொம்பப் பரிவாக, "ஏம்மா, காலையில ஒண்ணும் சாப்பிடலையா?" என்று கேட்டார்.

அதோடு என் டிப்ளமோ படிப்பெல்லாம் ஆவியாகிவிட்டது. ஓடு எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று அடுத்து கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய பதில். ஆனால் என்ன கேட்டாலும் "சார்... சார்..." என்றுதான் வந்தது. கடைசியில் "போயிட்டு வாங்கம்மா, போன் பண்றோம்" என்றார்கள். அந்த 'போன் பண்றோம்' எந்த ரகம் என்று வேலை தேடிய ஒவ்வொருவருக்கும் தெரியும்.

எங்கள் ஊர்க்காரர்களின் வியாதி

இதைப் படிக்கிற நீங்களும் இப்போது சிரித்திருப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. ஆனால் என் பக்கத்து நியாயத்தையும் கேட்டுவிடுங்கள்.

விருத்தாசலத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு 'செராமிக்'கில்தான் வேலை. பீங்கான் சாமான் செய்யும் சின்னச் சின்னப் பட்டறைகள் இருக்கும் பேட்டையைத்தான் அப்படிச் சொல்வோம். என் அம்மா அங்கே ஒரு பொம்மைப் பட்டறையில் இருந்தாள். பொம்மையை அச்சிலிருந்து எடுத்து, காயவைத்து, சூளையில் ஒரு முறை வேகவைப்பார்கள். அப்படி வெந்து வெள்ளையாக வெளியே வருவதற்கு 'பிஸ்கட்' என்று பெயர். அதற்கு மேல்தான் பளபளப்பு மருந்தைப் பூசி இரண்டாம் முறை வேகவைப்பது.

பிஸ்கட் சரியாக வந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? நாக்கில் வைக்க வேண்டும். பிசின் மாதிரி நாக்கைப் பிடித்து இழுத்தால் மருந்தை நன்றாகக் குடிக்கும். ஒட்டாமல் வழுக்கினால் அதிகமாக வெந்து இறுகிவிட்டது, மருந்து நிற்காது. அவ்வளவுதான் விஷயம். அம்மா ஒரு நாளைக்கு எத்தனை பொம்மையை நாக்கில் வைப்பாளோ, கணக்கே கிடையாது. ஆனால் பிள்ளையாரை மட்டும் வைக்கமாட்டாள். "சாமிய எச்சில் பண்ணலாமா?" என்று, அதே சூளையில் கூட வெந்த கிளியையோ யானையையோ எடுத்துக்கொள்வாள்.

பள்ளிக்கூட லீவு நாட்களில் நானும் அங்கேதான் கிடப்பேன். மற்ற பிள்ளைகள் ஐஸ் சப்பிய வயதில் நான் கிளியின் வாலைச் சப்பினேன். பிறகு அதே ஊரில் செராமிக் டிப்ளமோ படித்தபோது, ஓட்டைத் தண்ணீரில் கொதிக்கவைத்து எடைபோட்டுப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அதையும் கற்றுக்கொண்டேன். ஆனால் நாக்கு முதலில் கற்றது முதலில் கற்றதுதானே.

இன்னொரு வியாதியும் உண்டு. சேத்தியாத்தோப்பில் ஒரு சொந்தக்காரக் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். காபி கொடுத்தார்கள். எங்கள் ஊரிலிருந்து போயிருந்த அத்தனை பேரும் குடித்து முடித்த கையோடு கப்பைக் கவிழ்த்து, எந்தக் கம்பெனிச் சரக்கு என்று அடிப்பக்கத்து முத்திரையைப் பார்த்தோம். மாப்பிள்ளை வீட்டார் பயந்துபோய், "காபியில எதுனா கெடந்துதாங்க?" என்று ஓடிவந்தார்கள்.

பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்காவுக்கு அவர் கணவர் துபாயிலிருந்து ஒரு டீ செட் கொண்டுவந்திருந்தார். அம்மா ஒரு கப்பைச் சுண்டிப் பார்த்தாள், கவிழ்த்துப் பார்த்தாள், தடவிப் பார்த்தாள். அக்கா பொறுக்கமாட்டாமல், "நாக்குல மட்டும் வெச்சிராதீங்கக்கா, நாங்க டீ குடிக்கணும்" என்று கும்பிட்டார்.

கேட்டுக்கு வெளியே அப்பா

அந்த டைல்ஸ் கம்பெனி ஓசூர்ப் பக்கம். அப்பாதான் துணைக்கு வந்திருந்தார். பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் வேலை அவருக்கு. அரவை நேரத்தில் லீவு கேட்டால் மேஸ்திரி முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார். கெஞ்சிக் கூத்தாடி வந்திருந்தார்.

வெளியே வந்தபோது எதிர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கடைக்காரரிடம் கரும்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அப்பா பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் கொட்டாவி விட்டாலும் நிறுத்தமாட்டார். என் முகத்தைப் பார்த்தார். பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு எழுந்தார்.

"வா பாப்பா. பஸ்ஸு வந்துரும்."

அவ்வளவுதான். என்னாச்சு என்று கேட்கவில்லை. வழி முழுக்கக் கேட்கவில்லை. நடுவில் ஓர் ஊரில் பஸ் நின்றபோது இறங்கிப் போய் வெள்ளரிப் பிஞ்சு வாங்கிவந்தார். மிளகாய்ப் பொடி தூவாமல். எனக்கு மிளகாய்ப் பொடி இல்லாமல் பிடிக்காது என்று அவருக்குத் தெரியும். பதற்றத்தில் மறந்துவிட்டார் பாவம். நான் ஒன்றும் சொல்லாமல் எல்லாவற்றையும் தின்றேன்.

வீட்டுக்கு வந்தவுடன் அம்மா கேட்ட முதல் கேள்விக்கே பொய் சொன்னேன்.

"எல்லாம் இங்கிலீஷ்ல கேட்டாங்கம்மா. அதுல ஒரு ஆபீசரு ஒரு மாதிரி. நான் பேசுறதப் பார்த்துச் சிரிச்சாரு."

வேறென்ன சொல்ல? 'நீ சொல்லிக்கொடுத்ததைச் செய்தேன், போய்விட்டது' என்றா? அம்மா தூங்கமாட்டாள். என் அம்மாவை எனக்குத் தெரியும்.

"ஓம் பேச்சப் பார்த்தா சிரிச்சான்?" என்றாள். அப்புறம் எதுவும் கேட்காமல் தோசை ஊற்றப் போனாள். தோசைக் கல்லில் கரண்டி படுகிற சத்தம் வழக்கத்தைவிட அதிகமாகக் கேட்டது.

பி.பி. நம்பர்

எங்கள் வீட்டில் போன் கிடையாது. விண்ணப்பத்தில் மும்தாஜ் அக்கா வீட்டு நம்பரைத்தான் கொடுத்திருந்தேன். பெயருக்குப் பக்கத்தில் 'பி.பி.' என்று போட்டு பக்கத்து வீட்டு நம்பரைக் கொடுப்பது அந்தக் காலத்தில் ஊர் வழக்கம்.

கம்பெனியிலிருந்து போன் வராது என்று எனக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியாது. மணி அடித்தால் ஓடிப்போய் எடுப்பார். எடுத்துவிட்டுச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஒனக்கில்லடி அரசி, எங்க வூட்டுக்குத்தான்" என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகம்தான் தொங்கிப்போயிருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா போனில் பேசுவது கேட்டது. "சரி சரி, வைங்க. புள்ளைக்கு கம்பெனிலேந்து போனு வரும். லைனு பிஸியா இருந்தா என்னா பண்றது? நல்லாத்தான் இருக்கேன், வைங்கன்னா!"

துபாயில் இருக்கிற மனுஷன் வெள்ளிக்கிழமைதான் பேசுவார். அந்த ஒரு நாளுக்காக அக்கா மற்ற நாளெல்லாம் சொல்ல வேண்டியதைச் சேர்த்துவைத்திருப்பார். அதையும் எனக்காக வெட்டிக்கொண்டார். ஈரத் துணியை முகத்தில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

எனக்கு அந்த நாட்கள் எப்படிப் போயின என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். கண்ணை மூடினால் அந்தச் சிரிப்பு. சாப்பிட உட்கார்ந்தால் "காலையில ஒண்ணும் சாப்பிடலையா?" அப்பா வேலைவிட்டு வந்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த டேபிள் ஃபேனைக் கழற்றிப் போட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணெய் விட்டுக்கொண்டிருப்பார். பக்கத்தில் உட்கார அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அடுத்த நாளும் அதே ஃபேனைக் கழற்றுவார்.

"பட்டறைக்கு வாயேண்டி, சும்மா ஒரு எட்டு" என்று அம்மா கூப்பிட்டாள். மாட்டேன் என்றேன். அந்தப் பொம்மைகளைப் பார்க்கவே பிடிக்கவில்லை. இனிமேல் இந்தத் தொழிலே வேண்டாம், ஜவுளிக்கடையில் நின்றாலும் நிற்பேன் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

பிராது

ஒரு திங்கட்கிழமை காலையில் அம்மா தலைக்குக் குளித்து, நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"கெளம்பு. மணவாளநல்லூரு போவணும்."

"எதுக்கும்மா?"

"பிராது கட்ட."

எங்கள் பக்கத்தில் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் சாமி மட்டுமல்ல, எங்களுக்கு நீதிபதியும் அவர்தான். ஆடு திருடு போனாலும், அண்ணன் தம்பி வரப்பை வெட்டினாலும், கொடுத்த வாக்கை மாற்றினாலும், அவரிடம் ஒரு தாளில் புகார் எழுதிப் பூசை செய்து, அதே கோயிலில் இருக்கும் முனியப்பர் சாமியின் வேலில் கட்டிவிட்டு வந்துவிடுவார்கள். அதற்குத்தான் பிராது என்று பெயர். போலீசுக்குப் பயப்படாதவன்கூட பிராதுக்குப் பயப்படுவான்.

"யாரு மேலம்மா?"

"எம் பொண்ணப் பார்த்துச் சிரிச்சான்ல, அவன் மேல. நீ படுத்தே கெடக்கிற, நான் பார்த்துக்கிட்டு இருக்கணுமா?"

பிராதில் ஒரு விஷயம் உண்டு. பொய்ப் பிராது கட்டினால் அது கட்டினவர் தலைக்கே திரும்பிவிடும் என்பார்கள். இது எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரிந்த பயம். பொய் சொன்னவள் நான். கட்டப் போகிறவள் அம்மா. திரும்பினால் யார் தலைக்கு?

வழியில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மினி பஸ்ஸில் கூட்டம். இறங்கியதும் சொல்லிவிடலாம் என்றால் அம்மா பூக்கடையில் நின்றுவிட்டாள். அப்படியே பிராது எழுதுகிறவர் முன்னால் போய் உட்கார்ந்தாகிவிட்டது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு அவர் கேட்டார்.

"எதிராளி பேரு?"

"பேரு தெரியாதுங்க. டைல்ஸ் கம்பெனி ஆபீசரு. ஓசூரு" என்றாள் அம்மா.

"ஓசூரா? அவ்வளவு தூரமா?"

"தூரந்தாங்க. சாமிக்குச் சிரமந்தான். இன்னா பண்றது, ஒரு நட போயிட்டு வரட்டும்."

அவர் சிரிக்கவில்லை. இதைவிட விசித்திரமான வழக்கெல்லாம் பார்த்திருப்பார். பேனாவைத் திறந்தார். "சரி, நடந்தத நடந்தபடி சொல்லணும். இன்னாத்துக்குச் சிரிச்சாரு?"

அம்மா என்னைப் பார்த்தாள். "சொல்லு அரசி."

வேலில் கட்டியிருந்த பிராதுக் காகிதங்கள் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன.

"எழுதாதீங்க" என்றேன். "அவரு மேல தப்பில்ல. இங்கிலீஷும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஓட்டக் கையில குடுத்தாங்கம்மா. நான் நாக்குல வெச்சிட்டேன். அதுக்குத்தான் சிரிச்சாங்க. யாரா இருந்தாலும் சிரிப்பாங்க."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். அம்மாவின் கால்தான் தெரிந்தது. பாதத்தின் வெடிப்பில் எவ்வளவு தேய்த்தாலும் போகாத வெள்ளைக் களிமண்.

அம்மாவின் குரல் கேட்டது. எழுதுகிறவரிடம் பேசினாள்.

"அப்ப எம் மேல எழுதுங்க ஐயா."

"இன்னாம்மா சொல்ற?"

"நான்தான் அந்தப் பழக்கத்தப் பழக்குனவ. எம் புள்ளைக்கு வந்த வேலயக் கெடுத்துட்டேன். எம் பேரு, ஊரு எல்லாம் சரியாச் சொல்றேன். தூரமும் இல்ல. எழுதுங்க."

விளையாட்டாகச் சொல்லவில்லை. அம்மா அப்படி விளையாடுகிறவள் இல்லை. நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "அம்மா, சும்மா இரும்மா, சும்மா இரும்மா" என்று கெஞ்சினேன்.

அவர் பேனாவை மூடினார். "தாயி, இது கேஸே இல்ல. புள்ளையக் கூட்டிக்கிட்டு சாமியப் பார்த்துட்டு வூட்டுக்குப் போ. பின்னால ஆளுங்க நிக்கிறாங்க."

ஒரு கேள்வி

திரும்பும்போது மினி பஸ்ஸில் இடம் கிடைத்தது. அம்மா ஜன்னல் ஓரம். நெற்றியில் விபூதி. பேசவே இல்லை. எனக்கு அந்த அறையின் சிரிப்பைவிட இந்த மௌனம்தான் தாங்க முடியாமல் இருந்தது. திட்டினாலும் பரவாயில்லை, அழுதாலும் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

மணிமுத்தாறு வந்துவிட்டது. ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான். அதைப் பார்த்துக்கொண்டே அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"ஒட்டுச்சா?"

"என்னதும்மா?"

"ஓடுடி. நாக்குல வெச்சியே. ஒட்டுச்சா?"

இத்தனை நாளில் யாரும் கேட்காத கேள்வி. நானே என்னைக் கேட்டுக்கொள்ளாத கேள்வி. யோசித்துப் பார்த்தேன். அந்த வழுவழுப்பு நாக்கில் அப்படியே இருந்தது.

"ஒட்டல. கண்ணாடி மாதிரி வழுக்குச்சு."

"கொஞ்சங்கூட இழுக்கல?"

"இல்லம்மா."

அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். "தரையில போடுற ஓடு அப்படித்தான் இருக்கணும். தண்ணியே குடிக்காது. நல்லா வெந்திருக்குது." பிறகு ஒரு பெருமூச்சு விட்டாள். "போனாப் போவுது, வுடு. போனதும் நல்ல கம்பெனியாத்தான் போயிருக்குது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவுக்கும் வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. "சாப்பிடலையான்னு கேட்டாரும்மா அந்தப் பெரியவரு" என்றேன். "ஐயய்யோ!" என்று தொடையில் தட்டிச் சிரித்தாள். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். எப்போது சிரிப்பு அழுகையானது என்று தெரியவில்லை. அவ்வளவு நாளும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேனே தவிர, அழவில்லை. அம்மா தோளில் அன்றைக்குத்தான் அழுதேன். அவள் என் தலையைத் தடவிக்கொண்டே, கண்டக்டரிடம் "ஒண்ணுமில்லப்பா, நீ பிகில் ஊது" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் மும்தாஜ் அக்காவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். இனிமேல் போன் வராது, நீங்கள் நன்றாகப் பேசுங்கள் என்றேன். "அட போடி, அவரு எப்பப் பார்த்தாலும் பிரியாணி சரியில்லன்னுதான் சொல்வாரு, அதுக்காக வெச்சிட்டேன்" என்று என் கன்னத்தைக் கிள்ளினார். அடுத்த வெள்ளிக்கிழமை சுவருக்கு அந்தப் பக்கம் வெகுநேரம் பேச்சுச் சத்தம் கேட்டது. கதவைச் சாத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் அம்மா கூப்பிடாமலேயே அவள் கூடப் பட்டறைக்குப் போனேன். முந்தின நாள் சுட்ட சூளையைத் திறந்துகொண்டிருந்தார்கள். இன்னும் லேசான சூடு. வரிசையாகப் பிள்ளையார்கள், பின்னால் கிளிகள்.

அம்மா ஒரு கிளியை எடுத்தாள். வழக்கம்போல வாய்க்குக் கொண்டுபோனாள். போனவள் பாதியில் நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். கிளியைக் கீழே இறக்கி, பக்கத்துச் சட்டியில் விரலை நனைத்து, அதன் அடியில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கப் போனாள். தண்ணீரைக் குடிக்கிறதா என்று அப்படியும் பார்க்கலாம்தான். ஆனால் என் அம்மா தண்ணீர் வைத்துப் பார்த்ததை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

கிளியை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். அடியைத் துடைத்து நாக்கில் வைத்தேன்.

"ஒட்டுதா?" என்றாள் அம்மா.

கிளி நாக்கைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அந்த நிலையில் எப்படிப் பதில் சொல்வது? தலையை மட்டும் வேகமாக ஆட்டினேன்.